பூட்டுப் போட்ட வீடு

மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டு மகாஜனங்கள், ஆண் பெண் குழந்தை குட்டி அடங்கலும், செய்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கவேண்டிய அதிமுக்கியமான பிரகடனம்: இன்று முதல் நமது லைனில் விஷவாயு, தீ, வெள்ளம், வழி தவறி வந்த யானை ஆகிய எந்த ஆபத்து நேர்ந்தாலும், என்ன செய்வது என்று யோசிக்கும் சிரமம் பொதுமக்களுக்கு வேண்டாம். அந்தச் சிரமம் முழுவதையும் ஃபோர்மேன் ஜனாப் குலாம் முகம்மது அவர்களே ஏற்றுக்கொண்டுவிட்டார். அதற்காக அவருக்கு ஒரு சிவப்பு ஹெல்மெட்டும், ஒரு விசிலும், ஒரு டப்பா சாக்பீஸும் வழங்கப்பட்டுள்ளன. மூளை ஏற்கெனவே இருப்பதாகக் கம்பெனி நம்புகிறது.

கடைசி வாக்கியம் மட்டும் என்னுடையது. மற்றதெல்லாம் குழாயடியில் நின்றுகொண்டு குலாம் முகம்மது தன் வாயாலேயே அறிவித்தது.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. போபால் செய்தி வந்ததிலிருந்து ஓசூர்ப் பக்கம் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. எந்தக் கம்பெனியில் எந்த டாங்கியில் என்ன இருக்கிறது என்று அதைத் துடைக்கிறவனுக்கே தெரியாது. கம்பெனிகள் ஆளுக்கொரு ஃபோர்மேனைப் பிடித்துப் பெங்களூருக்குப் பயிற்சிக்கு அனுப்பின. குலாம் முகம்மது போனார். மூன்று நாள், பெரிய ஓட்டல், சாப்பாட்டுக்குப் பின் ஐஸ்கிரீம்.

டை கட்டிய ஒருவர் அங்கே சொன்னது இது: மனசு ஒரு சின்ன மேஜை. ஒரே சமயத்தில் அதன்மேல் நாலைந்து சாமான்தான் நிற்கும். ஆபத்து நேரத்தில் எல்லோரும் வந்து ஆளுக்கொன்றை அதன்மேல் வைப்பார்கள். மேஜை சாய்ந்துவிடும். ஆகவே கேள்வியைச் சின்னதாக்கு. ஆமா, இல்லை என்று பதில் வருகிற மாதிரி வைத்துக்கொள்.

நல்ல பேச்சுதான். மூன்றாம் நாள் மத்தியானம் அவர் இன்னொன்றும் சொன்னார். அப்போது ஐஸ்கிரீம் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. குலாம் முகம்மது கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் கேள்வியைச் சின்னதாக்கினார். ஆபத்து வந்தால் லைனில் ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்து யார் இருக்கிறார்கள், பாட்டி எங்கே, பிள்ளை எங்கே என்று விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. பூட்டா, திறப்பா? திறந்திருந்தால் ஆளை வெளியே விரட்டு. பூட்டியிருந்தால் ஆள் இல்லை; கதவில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போ.

“எப்பிடி?” என்று மனைவி ரஹமத் பீவியிடம் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்குது. மொதல்ல மகன்கிட்ட பேசுற வழியப் பாருங்க” என்றாள் அவள்.

போன வார அத்தியாயத்தில் விட்ட இடம் அதுதான். ஒரே மகன் கௌஸ் பாஷா, கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள், “அத்தா, நானும் சபீஹாவும் தனியா ஒரு வூடு பாத்துகினு போலாம்னு இருக்கறோம்” என்று சொல்லிவிட்டான். குலாம் முகம்மது, “விஷயம் பரிசீலனையில் உள்ளது” என்று ஆபீஸ் பாணியில் பதில் சொன்னார். அதற்கப்புறம் அந்த வீட்டில் அப்பனும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. மருமகள் சபீஹா எல்லோரிடமும் ஒரு வார்த்தையில் பேசினாள். ரஹமத் பீவி அடுப்போடு பேசினாள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். லைன் வீட்டுக்காரர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். வெளியூர் வாசகர்களுக்குத் தெரியாது.

நைட் ஷிஃப்ட் முடித்து வருகிற ஆம்பளை பகலில் தூங்க வேண்டும். லைனில் பகல் என்பது கீரைக்காரி, பழைய பேப்பர்க்காரன், சீட்டுப் பணம் கேட்டு வருகிறவள், சும்மா வருகிறவள் என்று கதவை யாராவது தட்டிக்கொண்டே இருக்கிற நேரம். ஆகவே புருஷனையோ மகனையோ உள்ளே படுக்கவைத்துவிட்டு, வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவார்கள். பூட்டைப் பார்த்தால் எவரும் தட்டமாட்டார்கள். பின்கதவு கிடையாது. ஆள் எழுந்திருப்பதற்குள் வந்து திறந்துவிட்டால் சரி.

இது குலாம் முகம்மதுவுக்குத் தெரியாதா? இருபது வருஷம் நைட் ஷிஃப்ட் பார்த்தவர். அவரையே பூட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் மேஜையில் இடமில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பனி விலகவில்லை. மண்ணெண்ணெய் க்யூவில் இடம் பிடிக்க சபீஹா இருட்டோடு போய்விட்டாள். அந்த வாரம் நைட் ஷிஃப்டிலிருந்த பாஷா வேலை முடிந்து வருவதற்கு முன்பே. குலாம் முகம்மது ஹெல்மெட்டைத் துடைத்து மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். ரஹமத் பீவி குழாயில் குடத்தை நிரப்பிக்கொண்டு திரும்பியபோது உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

வந்து படுத்துவிட்டான்.

“சாப்ட்டியாடா?” என்று கேட்கக் கதவு வரைக்கும் கை போனது. கேட்டால் “ம்” என்பான். அந்த “ம்”மைத் தாங்குகிற தெம்பு அன்று அவளுக்கு இல்லை. சத்தம் போடாமல் வெளியே வந்து பூட்டினாள். லைனின் கடைசி வீட்டுக் கெம்பம்மாவோடு உட்கார்ந்து ராகி புடைக்கப் போனாள்.

முறத்தில் ராகி இரண்டு தரம் எழும்பி விழுந்திருக்கும். கம்பெனிச் சங்கு ஊதியது.

“இந்நேரத்துல என்ன சங்கு, பீவியக்கா?” என்றாள் கெம்பம்மா.

“எவனாச்சும் புதுசா வேலைக்கு வந்திருப்பான். தெரியாம அமுக்கிட்டான் போல.”

சங்கு நிற்கவில்லை. ஷிஃப்ட் சங்கு மூச்சு விடும். இது விடவில்லை. கெம்பம்மாவின் கை முறத்தோடு அப்படியே நின்றது. அப்புறம் அந்த நெடி வந்தது. மூக்கில் ஏறி, கண்ணுக்குப் பின்னால் ஊசி போட்டது.

மாம்பழக் கூழை டின் டின்னாக அடுக்கி வைக்கிற குளிர்கிடங்கு ஒன்று லைனுக்கு மேற்கே இருந்தது. குழந்தைகள் அதை ஜூஸ் கம்பெனி என்று செல்லமாகச் சொல்வார்கள். கூழைக் குளிரவைக்க அங்கே குழாய் குழாயாக அம்மோனியா ஓடுகிற விஷயம் லைனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“கேஸு! கேஸு உட்டுடுச்சு!”

யார் கத்தினார்கள் என்று தெரியவில்லை. கதவுகள் படார் படாரென்று திறந்தன. ஒருத்தி குழந்தை என்று நினைத்துத் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஓடி, பாதி வழியில் பார்த்து அலறித் திரும்பினாள். நைட் ஷிஃப்ட் புருஷன்மார்களை அவரவர் பெண்டாட்டிகள் பூட்டைத் திறந்து, கட்டிய லுங்கியும் கட்டாத லுங்கியுமாக இழுத்துவந்தார்கள்.

பனிக்குள்ளிருந்து சிவப்பு ஹெல்மெட் வந்தது. விசில் வந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: குலாம் முகம்மது அந்த முதல் கொஞ்ச நேரம் நன்றாகவே இருந்தார். கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துக் காற்றைப் பார்த்தார். “மேக்கால இருந்து வருது! ரயில் ரோட்டுக்கு அந்தாண்ட போங்க! துணிய நனைச்சு மூக்குல வைங்க! சாமான எடுக்காதீங்க!” மக்கள் கேட்டார்கள். பயந்தவனுக்குச் சத்தமாகச் சொல்கிற ஒருவன் போதும்.

ரஹமத் பீவி தன் வீட்டுப் பக்கம் ஓடத் திரும்பினாள். அவர் குறுக்கே நின்றார்.

“எங்க போற?”

“வூட்டுக்குங்க, வூட்ல...”

“வூடு வூடா நான் பாக்கறேன்! அதுக்குத்தான என்னை வெச்சிருக்கறாங்க? கெம்பம்மா, இவளக் கூட்டிகினு போம்மா!”

“பா அக்கா, பேக பா, சீக்கிரம்!” என்று கெம்பம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் பார்த்துக்கொள்வார். இருபத்தைந்து வருஷமாக அந்த மனிதர் எதையும் பார்த்துக்கொண்டதில்லை. ஆனால் தலையில் ஹெல்மெட் இருந்தது, குரலில் தீர்மானம் இருந்தது, நெடி தொண்டையைப் பிடித்தது. ரஹமத் பீவி மனதிலிருந்த பாரத்தை அவரிடம் இறக்கி வைத்துவிட்டு ஓடினாள்.

அவர் லைனின் முதல் வீட்டிலிருந்து தொடங்கினார். திறப்பு, ஆள் இல்லை. பூட்டு, பெருக்கல் குறி. திறப்பு, ஒரு கிழவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார், தூக்காத குறையாக வெளியே தள்ளினார். பூட்டு, பெருக்கல் குறி. கண்ணில் நீர் கொட்டியது. பூட்டு, பெருக்கல் குறி. சாக்பீஸ் உடைந்தது, துண்டை எடுத்துக்கொண்டார். பூட்டு. பச்சைக் கதவு. நிலைக்கு மேலே பிறைக்குள் 786. அவர் கையாலேயே போன ரம்ஜானுக்கு எழுதியது.

பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மேட்டில் லைன் முழுக்க உட்கார்ந்திருந்தது. குலாம் முகம்மது மூச்சு வாங்க ஏறி வந்தார். “வூடு அத்தனையும் பாத்தாச்சு. ஒரு உசுரு பாக்கியில்ல” என்று அறிவித்தார். ஒரு கிழவி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் நிறுத்தியிருந்தால் இந்த அத்தியாயம் ஒரு வீரனின் கதை.

சைக்கிளில் முனிவேல் வந்தான். பக்கத்துக் கம்பெனியில் வெல்டர். “மாமோவ், அந்த கேஸு மேலதான் போவுதாம். எல்லாரையும் தரையோட தரையா படுக்கச் சொல்லுங்க!”

குலாம் முகம்மது விசில் ஊதினார். எல்லோரும் படுத்தார்கள்.

லைன் வீடுகளின் சொந்தக்காரர் நாராயணப்பன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். “ஏமய்யா, பனியில கேஸு கீழதான எறங்கும்? பண்டுகொண்டே சச்சிப்போத்தாரு, படுத்தா செத்துடுவாங்க! எழுப்பி நிக்க வை! அப்புறம், என் கதவு எதையாச்சும் ஒடச்சியா?”

விசில். எல்லோரும் எழுந்தார்கள்.

“அத்திப்பள்ளி ரோட்டுல போலீஸ் மறிச்சிட்டாங்களாம்.”

“இல்ல, அந்தப் பக்கந்தான் ஆஸ்பத்திரி வண்டி வருதாம்.”

“காத்து திரும்பிடுச்சு, பாரு, பாரு!”

குழந்தைகள் உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் அழுதன. குலாம் முகம்மது கைக்குட்டையைத் தூக்கினார். அது தொங்கியது. விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. ஆளுக்கொன்றாக வந்து மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தார்கள். பெங்களூரில் அந்த டைக்காரர் மூன்றாம் நாள் ஏதோ சொன்னாரே. நிலைமை மாறினால் என்னவோ செய்யவேண்டும் என்றார். எதையோ மறுபடியும் கேட்கவேண்டும் என்றார். எதை?

அப்போதுதான் சபீஹா வந்தாள். க்யூவிலிருந்து நேராகத் தண்டவாளத்தின் மேலேயே ஓடிவந்திருக்கிறாள். கையில் மண்ணெண்ணெய் டின் அப்படியே இருந்தது. கூட்டத்தில் முகம் முகமாகப் பார்த்தாள்.

“மாமி, அவுரு எங்க?”

ரஹமத் பீவி கணவரைப் பார்த்தாள். “நீங்க எழுப்பினீங்கல்ல?”

“யார?”

“பாஷாவங்க!”

“வூடு பூட்டியிருந்துச்சே?”

“பூட்டுனதே நான்தானங்க!”

அவள் அதை மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் நின்றவர்களும் உட்கார்ந்தவர்களும் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள். அந்தக் கூட்டத்தில் நைட் ஷிஃப்ட் தெரியாத குடும்பம் கிடையாது.

ரஹமத் பீவியின் கை இடுப்புக்குப் போனது. சாவி அங்கே இருந்தது. அதை எடுத்து இறுகப் பிடித்தாள். “அல்லாவே, பூட்டி வெச்சுட்டு வந்துட்டனே. எம்புள்ளயப் பூட்டி வெச்சுட்டு வந்துட்டனே.” காலெடுத்து வைத்தாள், சேலை தடுக்கி உட்கார்ந்துவிட்டாள்.

“யாரும் திரும்பிப் போகக்கூடாது” என்றார் குலாம் முகம்மது. ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. பயிற்சியில் சொல்லிக் கொடுத்த வாக்கியம், அதுவாக வந்தது. “ஃபயர் சர்வீஸ் வரும். அவங்க மாஸ்க்கு போட்டுகினு...”

“எப்ப வரும் மாமா?” என்றாள் சபீஹா.

அவர் ரோட்டுப் பக்கம் பார்த்தார்.

“ஓசூருக்கு யாராச்சும் ஆள் போயிருக்குதா? போன் பண்ணீங்களா?”

“காத்து இப்ப எந்தப் பக்கம்னு பாத்துட்டு...”

“அவுரு தூங்கினா இடி உழுந்தாலும் தெரியாது மாமா.” கல்யாணமானதிலிருந்து அவள் மாமனாரிடம் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். டின்னைக் கீழே வைத்தாள். மாமியாரின் விரல்களைப் பிரித்துச் சாவியை எடுத்தாள். முனிவேல் சைக்கிளில் தொங்கிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து முந்தானையை நனைத்தாள். ஓடினாள்.

பனியும் மற்றதும் சேர்ந்து ஒரே வெள்ளையாக இருந்தது. அவள் அதற்குள் போனதும் தெரியவில்லை.

குலாம் முகம்மதுவின் காதில் இன்னும் பேசிக்கொண்டே இருந்தார்கள். போகாதீங்க பாய். போங்க பாய். இருங்க, முனிவேல் போறான். அவன் எதுக்குப் போறான், பெத்தவன் நிக்கறப்ப? அவருக்கு எதுவும் கேட்கவில்லை. கேள்வி இப்போது மிகச் சின்னதாக இருந்தது. உயிரோடு இருக்கிறானா?

ஹெல்மெட் வழியிலேயே எங்கோ விழுந்தது.

லைனில் ஒரு கோழி நடுவழியில் நின்றபடி தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. நாய் குரைக்கவில்லை. சங்கு மட்டும் ஊதிக்கொண்டே இருந்தது. கண்ணைத் திறந்தால் எரிந்தது, மூடினால் சுவரில் மோதினார். கதவு கதவாகத் தடவிக்கொண்டு போனார். பூட்டிய ஒவ்வொன்றிலும் வெள்ளையாக அவர் போட்ட குறி. எல்லா வீடும் ஒன்றுபோலவே இருந்தது. எது தன் வீடு என்று அவருக்குத் தெரியவில்லை.

சபீஹா கதவை அடிக்கிற சத்தம்தான் வழி காட்டியது.

“என்னாங்க! எழுந்திருங்க! என்னாங்க!”

சாவி பூட்டுக்குள் போகவில்லை. எரிகிற கண்ணுக்குத் துவாரம் தெரியவில்லை. அவர் வாங்கினார். அவர் கண் அதைவிட மோசம். சாவி கீழே விழுந்தது. இரண்டு பேரும் மண்டியிட்டுத் தடவினார்கள். இருமினாள், இருமல் நிற்கவில்லை. நனைந்த முந்தானையில் பாதியை அவர் பக்கம் நீட்டினாள். அவர் தள்ளிவிட்டார். “நீ வெச்சுக்கம்மா. போ. நீ போயிடு.”

“நான் போவல.”

சாவி கிடைத்தது.

“பாஷா!” என்று கத்தினார். பல நாளுக்குப் பிறகு அந்தப் பெயரை அவர் வாய் சொல்லிற்று. “பாஷா, டேய், அத்தா வந்துட்டன்டா! வூடு பாத்துகினு போங்கடா, எங்க வேணாலும் போங்க, எழுந்திருடா!”

உள்ளேயிருந்து ஒரு அசைவும் இல்லை.

சபீஹா கதவில் காதை வைத்தாள். அழக்கூட இல்லை. மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பூட்டு திறந்தது. முன்னறையில் நெடி குறைவாக இருந்தது. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது, ஏனென்று தெரியாமல். உள்ளறைக் கதவை இரண்டு கையாலும் தள்ளினார். தாழ்ப்பாள் போடவில்லை. தள்ளிய வேகத்தில் உள்ளே போய் விழுந்தார். முட்டிபோட்டபடியே தரையைத் துழாவினார். மகனின் கால் கிடைக்கும், தலை கிடைக்கும், பிடித்து இழுத்துவிடலாம். சிமெண்ட்தான் கிடைத்தது. சில்லென்ற சிமெண்ட். அந்த மூலை. இந்த மூலை. சபீஹா ஜன்னல் பலகையைத் தள்ளினாள். வெளிச்சம் வந்தது.

பாய் சுருட்டிய சுருட்டில் மூலையில் சாய்ந்திருந்தது. அதன்மேல் இருட்டோடு அவள் மடித்துவைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போன போர்வை, மடிப்புக் கலையாமல்.

வெளியே சங்கு சட்டென்று நின்றது. யாரோ அம்மோனியா வால்வை மூடிவிட்டார்கள்.

அந்த அமைதியில் மாமனாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அழுவதா, அல்லாவுக்கு நன்றி சொல்வதா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பாஷா அன்று காலை வீட்டுக்கே வரவில்லை.